குருத்தெலும்பு: பெயருக்குள் ஒளிந்திருக்கும் வரலாறு



அறிவியல் நூல்களில் குருத்தெலும்பைப் பற்றி மூன்று வரிகளுக்கு மேல் காண்பது அரிது. பளிங்குக் குருத்தெலும்பு, மீள்திறன் குருத்தெலும்பு, நார்க் குருத்தெலும்பு என மூன்று வகைகள். மூக்கு, காது, முதுகெலும்பு என மூன்று எடுத்துக்காட்டுகள். தேர்வுக்கு அது போதும். ஆனால், அந்த மூன்று வரிகளுக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தேடலும், பல தவறான முடிவுகளும், அத்தவறுகளால் துன்புற்ற மனிதர்களும் இருக்கின்றனர். அவ்வரலாற்றை எளிய தமிழில் எழுதி வைத்தால் சக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெயரில் தொடங்குவோம்

தென்னை, பனை, வாழை ஆகியவற்றின் உச்சியில் மடல் விரியாமல் வெளிறிய நிறத்தோடு இருக்கும் இளம் பகுதியைக் குருத்து என்கிறோம். அது வளையும், எளிதில் ஒடியாது, பின்னர் முற்றி ஓலையாகவும் இலையாகவும் மாறும். எலும்பைப் போல இருந்தும் வளைகின்ற ஓர் உடற்பகுதிக்குக் குருத்தெலும்பு என்று பெயர் வைத்தவர்கள் இந்த ஒப்புமையை மனத்தில் கொண்டே வைத்திருக்க வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் கசியிழையம் என்று வழங்குகின்றன.

வடமொழியிலும் இதே சிந்தனை உண்டு. பண்டைய அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, மனித உடலில் 300 எலும்புகள் உள்ளன என்று கூறி அவற்றை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஒன்று 'தருணம்'. இளமையான எலும்பு என்பது அதன் பொருள். மூக்கு, காது, கழுத்து, கண்குழி ஆகியவற்றில் அது இருப்பதாக அந்நூல் சொல்கிறது. வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள்தாமே, இவர்கள் 300 என்றது எப்படி என்ற ஐயம் எழலாம். குருத்தெலும்புகள், பற்கள் போன்றவற்றையும் சேர்த்து எண்ணியது இதற்கு ஒரு காரணமாகும். பண்டைய இந்தியரின் எலும்பியலை ஆராய்ந்து ருடால்ஃப் ஹார்ன்லே 1907ஆம் ஆண்டு ஒரு தனி நூலையே வெளியிட்டார்.

கிரேக்கர்கள் இதனைக் 'கோண்ட்ரோஸ்' என்றழைத்தனர். அச்சொல்லுக்குத் தானியக் குறுணை என்ற பொருளும் உண்டு. விலா எலும்புகளின் முனையிலுள்ள குருத்தெலும்புக்குக் கீழே இருக்கும் வயிற்றுப் பகுதியை அவர்கள் 'ஹைப்போகோண்ட்ரியா' என்றனர். கல்லீரலும் மண்ணீரலும் உள்ள அவ்விடமே மனச்சோர்வின் பிறப்பிடம் என்று பழைய மருத்துவர்கள் நம்பியதால், இல்லாத நோயை இருப்பதாக எண்ணி வருந்துவோருக்கும் பிற்காலத்தில் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகோண்ட்ரியாவிலும் இதே வேர்ச்சொல் இருக்கிறது. ஆனால் அங்கே அது குறுணை என்ற பொருளில் வருகிறது. ஒரு சொல்லைக் கிளறினால் எத்தனை செய்திகள் உதிர்கின்றன பாருங்கள்!

'அறுந்தால் வளராது'

எலும்போ குருத்தெலும்போ வெட்டுப்பட்டால் அது மீண்டும் வளர்வதுமில்லை, ஒட்டுவதுமில்லை என்பது ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ மொழிகளுள் ஒன்றாகும். அவருக்குப் பின்வந்த அரிஸ்டாட்டில், குருத்தெலும்பும் எலும்பும் ஒரே இயல்புடையவை, அளவில் மட்டுமே வேறுபடுகின்றன என்று எழுதினார். வெட்டினால் இரண்டுமே வளர்வதில்லை என்பது அவருடைய கருத்துமாகும். சுறா, திருக்கை போன்ற மீன்களுக்கு எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பே இருப்பதையும் அவர் கண்டறிந்திருந்தார். நம் வீடுகளில் சுறாப் புட்டு செய்வதற்கு மீனை வேக வைத்து உதிர்த்த அனைவரும் இந்த உண்மையை விரல்களால் அறிந்தவர்களே.

எலும்பைப் பொறுத்தவரை அவர்கள் கூற்று பிழையானது. முறிந்த எலும்பு கூடும் என்பதை நாம் அறிவோம். குருத்தெலும்பைப் பொறுத்தவரையோ, அவர்கள் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே நின்றுவிட்டது. ஏன் என்ற வினாவுக்கு விடை கிடைக்கத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

1743ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் ஹண்டர் என்ற இளம் மருத்துவர் மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றி இலண்டன் அரச கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 25. எலும்பின் முனையிலிருந்து வெல்வெட்டுத் துணியின் இழைகளைப் போல நார்கள் செங்குத்தாக எழுந்து நிற்பதாக அவர் விளக்கினார். இரத்தக் குழாய்கள் மூட்டின் விளிம்பு வரை வந்து வட்டமாக நின்றுவிடுவதையும் கண்டார். ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதையும் அழுத்தமாகப் பதிவு செய்தார். மூட்டு மருத்துவம் பற்றிய கட்டுரைகள் இன்றும் இவரையே முதலில் நினைவுகூர்கின்றன.

அவர் கண்ட அந்த எல்லைக்கோட்டில்தான் விடை இருக்கிறது. மூட்டுக் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் இல்லை; நரம்பும் இல்லை. அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அதிலுள்ள உயிரணுக்கள் மிகச் சிலவே. நாம் நடக்கும்போது அது பஞ்சைப் போல அமுங்கி நீரை வெளிவிட்டு, பின்னர் மூட்டுத் திரவத்தை உறிஞ்சி அதன்வழி உணவு பெறுகிறது. இரத்தம் வராத இடத்திற்குச் சீரமைக்கும் பணியாளர்கள் எப்படி வந்து சேர்வர்? நரம்பு இல்லாததால், தேயத் தொடங்கும் போது வலியும் தெரிவதில்லை. வலி தெரியும் காலத்தில் தேய்மானம் முற்றியிருக்கும்.

திராட்சைத் தளிரும் கோழிக்குஞ்சின் காலும்

நிற்க. குருத்து என்றால் வளர வேண்டுமே! வளராத ஒன்றுக்கு அப்பெயர் பொருந்துமா?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு சமயகுரு, தாவரங்களை ஆராய்ந்தவர். திராட்சையின் இளந்தளிரில் சம இடைவெளியில் புள்ளிகளைக் குத்தி, வளர வளர அப்புள்ளிகள் எவ்வாறு விலகிச் செல்கின்றன என்று அளந்தார். பிறகு அதே முறையை விலங்கின் எலும்பிலும் செய்து பார்த்தார். வளரும் கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளைகளிட்டு, இரண்டு மாதங்கள் கழித்துப் பார்த்தார். எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையிலான தூரமோ மாறவே இல்லை. ஆகவே, எலும்பு நடுவில் நீளவில்லை, முனைகளில்தான் நீள்கிறது என்பது தெளிவாயிற்று. 1727இல் வெளிவந்த அவருடைய தாவர நூலிலேயே இந்தச் சோதனையும் இடம்பெற்றது.

அந்த முனைகளில் இருப்பது குருத்தெலும்புத் தட்டு. கருவில் நம் எலும்புக்கூட்டின் பெரும்பகுதி முதலில் குருத்தெலும்பாகவே உருவாகிறது. பின்னர் சிறிது சிறிதாக எலும்பாகிறது. பிறந்த பின்னும் நீண்ட எலும்புகளின் முனைகளில் அந்த வளர்ச்சித் தட்டு இருந்துகொண்டே இருக்கும். பருவமடைந்து சில ஆண்டுகளில் அது முழுமையாக எலும்பாகிவிட, நம் உயரமும் அத்துடன் நின்றுவிடும். நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் முழங்காலிலும் குருத்து இருக்கிறது. பெயர் பொய் சொல்லவில்லை.

நுண்ணோக்கி காட்டிய மூன்று வகைகள்

19ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கி மேம்பட்டது. ஜெர்மனியின் தாவரவியலாளர் ஷ்லெய்டன், தாவரங்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்று கூறியதைக் கேட்ட தியோடர் ஷ்வான், தவளைக் குஞ்சுகளின் முதுகுநாணிலும் குருத்தெலும்பிலும் தாம் கண்ட அமைப்பை எண்ணிப் பார்த்தார். குருத்தெலும்பின் உயிரணுக்கள் தம்மைச் சுற்றித் தாமே சுரந்த தடித்த பொருளுக்கு நடுவில் தனித்தனி அறைகளில் இருப்பவை. சுவர் சூழ்ந்த தாவர உயிரணுவை அப்படியே நினைவூட்டுபவை. விலங்குகளும் உயிரணுக்களால் ஆனவையே என்று 1839இல் அவர் நூல் வெளியிட்டார். நாம் இன்று கற்பிக்கும் உயிரணுக் கோட்பாட்டின் முதற்சான்றுகளுள் ஒன்று குருத்தெலும்பிலிருந்து கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

உயிரணுக்களுக்கு இடையே நிரம்பியிருக்கும் பொருளை வைத்தே மூன்று வகைகளும் பிரிக்கப்பட்டன.

முதலாவது, பளிங்குக் குருத்தெலும்பு. கண்ணாடி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் மேலைநாட்டார் இதனைக் குறிப்பர். நீலம் கலந்த வெண்மை, வழவழப்பு. மூட்டுகள், விலா எலும்பின் முனைகள், மூக்கு, மூச்சுக்குழாயின் வளையங்கள், வளர்ச்சித் தட்டு ஆகிய இடங்களில் இருப்பது. நமக்குக் கோழிக்காலின் முனையில் கடித்துப் பழகியதும் இதுவே.

இரண்டாவது, மீள்திறன் குருத்தெலும்பு. மீள்திறன் நார்கள் மிகுந்து மஞ்சள் நிறம் காட்டுவது. காதுமடலிலும் குரல்வளை மூடியிலும் உள்ளது. காதை மடக்கிவிட்டால் உடனே பழைய நிலைக்கு வருவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, நார்க் குருத்தெலும்பு. தடித்த நார்க் கற்றைகளால் ஆனது; இழுவிசையையும் அழுத்தத்தையும் ஒருங்கே தாங்குவது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள 23 தட்டுகளின் புறவளையமும், முழங்காலில் பிறைவடிவில் அமைந்த இரண்டு தகடுகளும் இவ்வகையின.

பயனற்றது என்று வெட்டி எறிந்த காலம்

நார்க் குருத்தெலும்பின் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையாகும். 1897இல் பிளாண்ட் சட்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், முழங்காலின் பிறைத் தகடுகள் முன்னொரு காலத்துத் தசையின் பயனற்ற எச்சங்கள் என்று எழுதினார். பல்லாண்டுகளுக்கு மருத்துவர்கள், கிழிந்த பிறைத் தகட்டை முழுவதுமாக அகற்றிவிடுவதே வழக்கமாயிற்று. நோயாளியும் வலி தீர்ந்து மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார். 1948இல்தான் ஃபேர்பேங்க் என்பவர், அவ்வாறு அகற்றப்பட்டோரின் முழங்கால்களை ஊடுகதிர்ப் படங்களில் ஆராய்ந்து, மூட்டு இடைவெளி குறுகி எலும்பின் வடிவம் மாறுவதைக் காட்டினார். பயனற்றது எனக் கருதப்பட்ட தகடு உடலின் எடையைப் பகிர்ந்து தாங்கியிருக்கிறது! 1962இல் தோக்கியோவில் மசாக்கி வத்தனாபே மூட்டு உள்நோக்கியின் துணையோடு கிழிந்த பகுதியை மட்டும் அகற்றிக் காட்டினார். இயன்றவரை தகட்டைக் காப்பதே இன்றைய மருத்துவ நெறி.

முதுகுத் தட்டின் கதையும் இதைப் போன்றதே. தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியபோது, அறுவையில் கிடைத்த துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே மருத்துவர்கள் எண்ணி வந்தனர். அது கட்டியன்று, பிதுங்கிய தட்டே என்று பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் நிறுவினர். இடுப்பிலிருந்து கால்வரை பாயும் வலிக்குக் காரணம் அதன் பின்னரே பரவலாகத் தெளிவடைந்தது.

குறையே நிறையான கதை

1794ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் இந்தியாவிலிருந்து சென்ற ஒரு செய்தி இடம்பெற்றது. 1792ஆம் ஆண்டின் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பூனாவில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கீழிறக்கிப் புதிய மூக்கு அமைத்தார். அச்செய்தியைப் படித்த ஜோசப் கார்ப்யூ, 1814இல் இலண்டனில் அதே முறையைச் செய்து வெற்றி கண்டார். மூக்கறுபட்டோருக்குத் தோலைத் திருப்பி மூக்கமைக்கும் கலையைச் சுசுருத சங்கிதையும் கூறுகிறது.

ஆனால், தோல் மட்டும் மூக்காகாது. உள்ளே தாங்குவதற்குக் குருத்தெலும்பு வேண்டும். இல்லையேல் நாளடைவில் சுருங்கும். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சையளித்த நியூசிலாந்துக்காரர் ஹெரால்டு கில்லீஸ், விலா எலும்பின் குருத்தெலும்பை எடுத்து மூக்குக்குத் தாங்கலாக வைத்தார். 1959இல் அமெரிக்காவின் டான்சர் அதே விலாக் குருத்தெலும்பைச் செதுக்கிக் காதுமடல் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குக் காது அமைக்கும் முறையை விளக்கினார்.

இதில் வியப்பு என்னவென்றால், இரத்தக் குழாய் இல்லாமையே குருத்தெலும்பு ஆறாமைக்குக் காரணம் என்று முன்னர் கண்டோம். அதே குறைதான் இங்கே நிறையாகிறது. குறைந்த உணவில் வாழப் பழகிய உறுப்பாதலால், ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் வைத்தாலும் சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்கிறது.

மாத்திரைப் போத்தலும் உண்மையும்

என் தாயார் இளவயது முதல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்த கால்கள் அவை. அவருடைய தலைமுறைப் பெண்கள் பலருக்கும் இன்று முழங்கால் வலி உண்டு. அத்தகையோரைத் தேடி வீட்டு வாசலுக்கே வருகின்றன மாத்திரைப் போத்தல்கள். 'சுறாவின் குருத்தெலும்பு, அம்மா. தேய்ந்தது வளர்ந்துவிடும்' என்று சொல்லி, ஒரு மாத மளிகைச் செலவுக்கு ஈடான விலைக்கு என் தாயாரிடம் ஒரு போத்தலை விற்றுச் சென்றனர். போத்தலில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லும்படி அவர் என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்துதான் இந்த வரலாற்றை நான் தேடத் தொடங்கினேன்.

சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்று அறிவித்த நூல் ஒன்று 1992இல் அமெரிக்காவில் வெளியாகி, சுறாக் குருத்தெலும்பு வணிகத்தைப் பெருக்கியது. சுறாக்களுக்கும் புற்றுநோய் வருகிறது என்பதே ஆய்வாளர்கள் கண்ட உண்மை. புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்ட சோதனைகளில் அம்மருந்து பயனளிக்கவில்லை.

மூட்டு வலிக்கு விற்கப்படும் குளுக்கோசமைன், கோண்ட்ராய்ட்டின் ஆகியவற்றைப் பற்றி அமெரிக்காவில் 1,583 நோயாளிகளைக் கொண்டு நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2006இல் வெளியாயிற்று. ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது, அவை வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் சிறந்தவையாக இல்லை. வலி மிகுந்திருந்த ஒரு சிறு பிரிவினரிடம் மட்டும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது சற்றுப் பயன் தென்பட்டது. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளரச் செய்யும் மாத்திரை எதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை.

அப்படியானால் நம்பிக்கையே இல்லையா? உண்டு. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1987இல், நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு உயிரணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் அவருடைய முழங்காலிலேயே வைத்தனர். 23 நோயாளிகளின் முடிவுகளை 1994இல் அக்குழுவினர் வெளியிட்டனர். விபத்தில் ஏற்பட்ட சிறு பள்ளங்களுக்கு இம்முறை உதவுகிறது. முதுமையில் மூட்டு முழுவதும் தேய்ந்த நிலைக்கு அன்று. 1990களில், முதுகில் மனிதக் காதைச் சுமந்த எலியின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது மனிதக் காதன்று. காது வடிவ அச்சில் மாட்டின் குருத்தெலும்பு உயிரணுக்களை வளர்த்தது. 2022இல் அமெரிக்காவில், ஒரு பெண்ணின் சொந்த உயிரணுக்களிலிருந்து முப்பரிமாண அச்சுமுறையில் உருவாக்கிய காது அவருக்குப் பொருத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

அதுவரை எளியோர்க்கு உகந்த வழி எது? உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதும், தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும், அளவான நடையுமே என்று மருத்துவ வழிகாட்டிகள் முதலில் கூறுகின்றன. அமுங்கி விரிந்தால்தான் அந்தப் பஞ்சுக்கு உணவு கிடைக்கும் என்பதை நினைவில் கொண்டால், முழு ஓய்வு மருந்தாகாது என்பது விளங்கும். என் தாயார் போத்தலை அலமாரியில் வைத்துவிட்டு, மருத்துவமனையின் இயன்மருத்துவர் கற்றுக்கொடுத்த பயிற்சியை நாற்காலியில் அமர்ந்தபடி நாள்தோறும் செய்கிறார். வலி முற்றிலும் போய்விடவில்லை; கோயிலுக்குத் தாமே நடந்து செல்கிறார்.

நிறைவாக

2003ஆம் ஆண்டு நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் நடைமுறை வந்தபோது, தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அந்த ஆண்டுகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு இச்சொற்கள் தமிழில் பழகாமலேயே போயின. மலாயில் துலாங் ராவான் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் குருத்தெலும்பு என்பது புதுச்சொல்லாக இருப்பதுண்டு. எந்த மொழியில் படித்தாலும் அறிவு அறிவுதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், முழங்கால் வலிக்கும் பாட்டியிடம் அந்த அறிவைக் கொண்டு சேர்க்க வேண்டுமானால் பாட்டியின் மொழியில் சொல் வேண்டும். அச்சொல் நம்மிடம் இல்லாவிட்டால், போத்தல் விற்பவர் சொல்லும் கதையே அவருக்கு அறிவியலாகிவிடும்.

ஆசிரியர்களே, இப்பாடத்தை நடத்தும்போது மாணவர்களைத் தம் காதுமடலை மடக்கிப் பார்க்கவும், மூக்கு நுனியை அசைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள். ஒரு வாழைக் குருத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூன்று வகைகளை அவர்கள் மறந்தாலும், குருத்தெலும்பு என்ற சொல்லை மறக்கமாட்டார்கள்.